தோப்பு விழுந்த பிறகு: வீடும் தெருவும் செய்ய வேண்டியவை

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. விடிந்து பார்த்தால் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரங்களில் தென்னந்தோப்புகள் தரையோடு படுத்துக் கிடந்தன. நெல் போனால் அடுத்த பட்டம் உண்டு. தென்னை போனால் கன்று வைத்துக் காய் பார்க்க ஐந்தாறு வருடம் ஆகும். மரத்துக்கு 600 ரூபாயும், வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாயும் அரசு அறிவித்தது. பல ஊர்களில் கரண்ட் வரவே வாரக்கணக்கில் ஆனது.

பேரிடரின் முதல் சில வாரங்களில் ஊர் ஒன்றாக நிற்கும். பொதுச் சமையல் நடக்கும், வெளியூரிலிருந்து அரிசியும் தார்ப்பாயும் ஏற்றிய லாரிகள் வரும், இளவட்டங்கள் அறுவை மிஷினோடு பாதையைத் திறந்து விடுவார்கள். அந்த நாட்களில் தனியாக உட்கார்ந்து கலங்க யாருக்கும் நேரம் இருக்காது. லாரிகள் நின்று, உதவ வந்தவர்கள் ஊர் திரும்பி, வட்டிக்காரர் வாசலுக்கு வரத் தொடங்கும் மூன்றாம் நான்காம் மாதத்தில்தான் சில வீடுகளில் ஒருவர் எழுந்திருக்காமல் கிடப்பார். நிவாரணக் கணக்கு முடிந்துவிட்டதால் அவரை யாரும் பார்ப்பதில்லை.

இந்த அத்தியாயத்துக்கு அப்படி ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். எந்தத் தனிக் குடும்பத்தின் கதையும் அல்ல, டெல்டாவில் எந்த ஊரிலும் இருக்கக்கூடிய வீடு. இரண்டு ஏக்கர் தோப்பை இழந்த ஐம்பது வயதுக்காரர். நூறு நாள் வேலைக்குப் போகும் மனைவி. திருப்பூரில் ஒரு மகன், ப்ளஸ் டூ படிக்கும் மகள். பக்கத்து ஊரில் மைத்துனர். இந்த வீட்டில் பாசத்துக்குக் குறைவே இல்லை. எல்லாரும் கவலைப்படுகிறார்கள், எல்லாரும் புத்தி சொல்கிறார்கள். இல்லாதது ஏற்பாடு. யார் பேசுவது, யார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது, மாத்திரை யார் பொறுப்பு, கடன்காரருக்கு யார் பதில் சொல்வது, மனைவிக்கு எப்போது ஓய்வு? இந்தக் கேள்விகளுக்குப் பெயர் போட்டுப் பதில் வைத்திருக்கும் வீடுதான் தாங்கும். இனி வருவதெல்லாம் அந்த ஏற்பாட்டைப் பற்றியது.

எதைக் கவனிப்பது

மனம் சோர்ந்தவர் பெரும்பாலும் மனதைப் பற்றிப் பேச மாட்டார். உடம்பைத்தான் சொல்வார். தலை பாரமாக இருக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, கை கால் அசதி, வயிற்றில் எரிச்சல் என்பார். ஸ்கேன், ஈசிஜி எல்லாம் சரியாக இருக்கும். "ஒண்ணுமில்லைன்னு டாக்டரே சொல்லிட்டாரே" என்று வீட்டார் விட்டுவிடுவார்கள். அங்கே விடக் கூடாது. தூக்கத்தையும் சாப்பாட்டையும் கவனியுங்கள். படுத்தவுடன் தூங்கி, விடியற்காலை மூன்று மணிக்கே விழித்து, அதன் பிறகு தூக்கம் வராமல் புரளுவது மனச்சோர்வின் முக்கியமான அடையாளம். காலையில் மிக மோசமாகவும், பொழுது சாய்ந்த பிறகு கொஞ்சம் தெளிவாகவும் இருப்பார்கள். பிடித்த பதார்த்தம் ருசிக்காது. டிவியில் கண் இருக்கும், மனம் இருக்காது. தினமும் பேப்பர் படித்தவர் அதை மடித்தபடியே வைத்திருப்பார்.

துக்கம் வேறு, நோய் வேறு. தோப்பு போனவர் அழுவது இயல்பு. பெரும்பாலானவர்கள் மருந்து மாத்திரை இல்லாமலே மெல்ல மீண்டுவிடுவார்கள். ஆனால் மேலே சொன்னவை இரண்டு வாரத்துக்கு மேல், ஏறக்குறைய எல்லா நாளும் நீடித்து, அன்றாட வேலையும் கெட்டால் அது மருத்துவர் பார்க்க வேண்டிய நிலை. தைராய்டு குறைவு, ரத்தசோகை போன்றவையும் இதே மாதிரி ஆளை முடக்கும் என்பதால் ஒரு ரத்தப் பரிசோதனையும் தேவைப்படும். தனக்குத்தானே பேசுவது, காதில் குரல் கேட்பதாகச் சொல்வது, சாப்பாட்டில் விஷம் வைக்கிறார்கள் என்று சந்தேகப்படுவது, இரண்டு மூன்று நாள் தூங்காமலே சுறுசுறுப்பாகத் திரிவது போன்றவற்றுக்கு இரண்டு வாரம் காத்திருக்கவே வேண்டாம். பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரியிடம் இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

முதல் பேச்சு

பேச ஒருவரைத் தேர்ந்தெடுங்கள், ஒரே ஒருவரை. ஐந்து பேர் சுற்றி உட்கார்ந்து பஞ்சாயத்து வைத்தால் அவர் இன்னும் உள்ளே போய்விடுவார். அவர் மதிக்கிறவராக இருக்க வேண்டும், அவருக்குக் கடன் கொடுத்தவராக இருக்கக் கூடாது. நம் வீட்டில் மைத்துனர் சரியான ஆள். பொழுது சாயும் நேரம், வீட்டுக்கு வெளியே, எதிரெதிரே உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது நல்லது. நம் ஆண்களுக்கு முகத்தைப் பார்த்துக்கொண்டு மனம் விடுவது கஷ்டம்.

"அத்தான், ஒரு மாசமாப் பாக்குறேன். கடைத்தெருப் பக்கமே காணோம். ராத்திரி தூங்குறீங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மாப்ள."

"எத்தன மணிக்கு முழிப்பு வருது?"

"மூணு மணிக்கெல்லாம் வந்துரும். அப்புறம் எங்கேருந்து தூங்குறது."

"விடியுற வரைக்கும் மனசுல என்ன ஓடும்?"

அதற்குப் பிறகு மைத்துனர் வாயைத் திறக்கவில்லை. ஒரு பீடி அளவு நேரம் போயிருக்கும்.

"என்னத்த ஓடும். எல்லாம் போச்சுன்னுதான் ஓடும்."

இதில் கவனிக்க வேண்டியவை சில. தான் கண்ணால் பார்த்ததைச் சொல்லித்தான் மைத்துனர் தொடங்கினார், "நீங்க சரியில்ல" என்று தீர்ப்புச் சொல்லவில்லை. தூக்கத்தைக் கேட்டார். தூக்கமில்லை என்று சொல்ல யாருக்கும் கூச்சமில்லை, ஆகவே கதவு அங்கேதான் திறக்கும். கடைசிக் கேள்விக்குப் பிறகு அமைதியாக இருந்தார். அந்த அமைதியைத் தாங்க முடியாமல்தான் நாம் பெரும்பாலும் புத்தி சொல்லத் தொடங்கிவிடுகிறோம்: "உனக்காவது ரெண்டு ஏக்கர், மேலத்தெருக்காரருக்கு அஞ்சு ஏக்கர் போச்சு", "ஆம்பளை நீயே இப்படி இருந்தா எப்படி", "எல்லாம் சரியாப் போயிடும், மனசுல போட்டுக்காத". இவை எதிலும் கெட்ட எண்ணமில்லை. ஆனால் கேட்பவருக்கு எட்டுவது "இதைப் பத்தி என்கிட்ட பேசாத" என்பதுதான்.

இன்னொன்று. புயல், வெள்ளம், விபத்து நடந்த கையோடு, நடந்ததையெல்லாம் விலாவாரியாகச் சொல்ல வைத்து அழ வைத்தால் மனம் இலகுவாகும் என்று சிலர் நம்புகிறார்கள். நிவாரண முகாம்களில் மைக்கோடு போகும் டிவிக்காரர்களும் அதைத்தான் செய்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் அந்த முறையைப் பரிந்துரைப்பதில்லை. அவராகச் சொன்னால் கேளுங்கள், கிண்டிக் கிளறாதீர்கள். முதல் நாட்களில் அவருக்குத் தேவை சாப்பாடு, பாதுகாப்பான இடம், காணாமல் போனவர்களைப் பற்றிய தகவல், அடுத்து எங்கே போவது என்கிற தெளிவு.

கேட்க அஞ்சும் கேள்வி

பேச்சு இவ்வளவு தூரம் வந்துவிட்டால் ஒரு கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். சுற்றி வளைக்காமல், குரலை உயர்த்தாமல் கேளுங்கள்: "இப்படி இருக்குறப்ப சில பேருக்குச் செத்துப் போயிடலாம்னு தோணும்பாங்க. உங்களுக்கு அப்படித் தோணுதா அத்தான்?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடும் என்கிற பயம் பரவலானது, ஆதாரமில்லாதது. நாள்கணக்கில் மூன்று மணிக்கு விழித்துக் கிடக்கிறவருக்கு அது ஏற்கெனவே தோன்றியிருக்கலாம். கேட்கும் ஒருவர் கிடைப்பது பெரும்பாலும் நிம்மதியைத்தான் தரும்.

"தோணுது" என்று பதில் வந்தால் திட்டக் கூடாது, அழுது ஆர்ப்பாட்டம் செய்யக் கூடாது. நம் வீடுகளில் உடனே நடப்பது சத்தியம் வாங்குவது: "என் தலைமேல கை வச்சு சொல்லுங்க." அதனால் பயனில்லை. அடுத்த முறை அந்த எண்ணம் வரும்போது சத்தியம் செய்தவர் வெட்கத்தில் உங்களிடம் சொல்லாமல் மறைப்பார். அதற்குப் பதில், எப்படி, எப்போது என்று யோசித்து வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். வழியும் நேரமும் யோசித்து வைத்திருந்தால் ஒரு நிமிடமும் தனியே விடாமல் அன்றே மருத்துவமனை. நெடுநாள் கலங்கியிருந்தவர் திடீரென அமைதியாவது, பத்திரங்களை எடுத்து யாரிடமாவது ஒப்படைப்பது, விட்டுப்போன சொந்தங்களைப் போய்ப் பார்த்து வருவது ஆகியவற்றை "தேறிட்டார்" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்து, பூச்சிமருந்து. சாகத் துடிக்கும் அந்த வேகம் பலருக்குச் சில நிமிடம், சில மணி நேரம்தான் நிற்கும். அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருப்பதே உயிரைக் காக்கும். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில், சென்னையின் சினேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமாரின் குழு இதைச் செய்து பார்த்தது. கிராமத்தில் பொது அறை கட்டி, விவசாயிகளுக்குத் தனித்தனிப் பூட்டுப் பெட்டி கொடுத்து, மருந்தை வீட்டில் வைக்காமல் அங்கே வைக்கச் செய்தார்கள். அந்த ஊர்களில் தற்கொலைகள் குறைந்தன. உங்கள் ஊரில் அப்படி ஓர் அறை இல்லாவிட்டாலும் கூட்டுறவுச் சங்கக் கிடங்கோ பக்கத்துத் தெரு உறவினர் வீடோ இருக்கும். மீந்த மருந்தை இன்றே அப்புறப்படுத்துங்கள். எலி மருந்தும், பழைய தூக்க மாத்திரைகளும் அதோடு போகட்டும்.

யாராவது எதையாவது குடித்துவிட்டதாகத் தெரிந்தால் உப்புத் தண்ணீர், சாணித் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அது மூச்சுக்குழலில் இறங்கி நிலைமையை மோசமாக்கும். 108-ஐக் கூப்பிட்டு, அந்த டப்பாவையும் கையோடு கொண்டு போங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடுமே என்று நேரத்தைக் கடத்த வேண்டாம். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் கொடுப்பது அரசின் கடமை என்றும் அதே பிரிவு சொல்கிறது.

நள்ளிரவில் யாரிடம் பேசுவது என்று தெரியாவிட்டால் 14416. மத்திய அரசின் டெலி மானஸ் சேவை இது, 2022 அக்டோபர் 10-இல் தொடங்கியது. கட்டணமில்லை, 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104-உம் உண்டு. சினேகாவின் எண் 044-24640050. பாதிக்கப்பட்டவர்தான் பேச வேண்டும் என்பதில்லை, என்ன செய்வதென்று தெரியாத மனைவியும் மைத்துனரும் கூப்பிடலாம்.

ஆஸ்பத்திரி, கோயில், மாத்திரை

மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கும். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் தாலுகா மருத்துவமனைகளுக்கும் மனநல மருத்துவர் குறிப்பிட்ட நாளில் வருவார். அந்த நாளைக் கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டால் சொல்வார். போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எப்போது தொடங்கியது, தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, குடிப்பழக்கம் உண்டா, சர்க்கரை, பிபிக்கு என்ன மாத்திரை, குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா. ஓபி வரிசையில் நின்று உள்ளே போனால் ஐந்து நிமிடம்தான் கிடைக்கும். அந்த ஐந்து நிமிடத்தில் தாள் பேசும். அவர் முன்னால் சொல்லக் கூசும் விஷயம் இருந்தால் "டாக்டர், தனியா ரெண்டு நிமிஷம்" என்று கேட்கத் தயங்காதீர்கள்.

"முதல்ல கோயிலுக்குப் போயிட்டு வந்துடுவோம்" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். அதற்குச் சண்டை போடாதீர்கள். திருச்சி பக்கம் குணசீலத்தில் 48 நாள் தங்கி வழிபடும் வழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. மந்திரிப்பதும் தாயத்துக் கட்டுவதும் நம் ஊர்களில் புதிதல்ல. கோயிலுக்கும் போகட்டும், மாத்திரையும் நிற்காமல் போகட்டும். ஏர்வாடி தர்காவில் அரசே இந்த வழியில் இறங்கி, துவா ஓதும் இடத்திலேயே மருந்தும் கிடைக்க ஏற்பாடு செய்தது. ஆனால் ஒரு கோடு உண்டு: சங்கிலி. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் அதே ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியிடக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்துவிட்டது. கோயிலானாலும் காப்பகமானாலும் சொந்த வீட்டுக் கொல்லையானாலும் கட்டிப்போடச் சொன்னால் அங்கிருந்து அழைத்து வந்துவிடுங்கள்.

மனச்சோர்வுக்கான மாத்திரை இரண்டு முதல் நான்கு வாரத்தில்தான் வேலை காட்டும். தொல்லைகளோ முதல் வாரத்திலேயே வந்துவிடும்: வயிற்றுப் புரட்டல், வாய் வறட்சி, அசதி. இதனால்தான் பத்தாவது நாள் "இது ஒத்துக்கலை" என்று நிறுத்திவிடுகிறார்கள். அந்த நாலு வாரத்தைத் தாண்ட வைப்பதுதான் வீட்டாரின் வேலை. இரண்டாவது கண்டம் குணமான பிறகு வரும். நன்றாக இருக்கிறேன், இனி எதற்கு என்று தோன்றும். தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடர வேண்டும், குறைப்பதை மருத்துவரே குறைப்பார். இந்த மாத்திரைகளுக்கு அடிமையாக மாட்டார்கள். அடிமையாக்கக்கூடியவை மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கிப் போடும் தூக்க மாத்திரைகள். நோய் கடுமையாக இருக்கும் மாதங்களில் மாத்திரை அட்டை மனைவியிடமோ மகளிடமோ இல்லாமல் மைத்துனர் வீட்டில் இருக்கட்டும், ஒரு வாரத்துக்கு உரியதை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். மகளுக்கு இது ப்ளஸ் டூ வருடம் என்பதை மறக்க வேண்டாம்.

குடியைப் பற்றி ஒரு வார்த்தை. தூக்கத்துக்காகத் தொடங்கி தினமும் குடிக்கிறவராக ஆகிவிட்டிருந்தால், வீம்புக்கு ஒரே நாளில் நிறுத்த வைத்து அறையில் பூட்டாதீர்கள். நெடுநாள் அதிகம் குடித்தவருக்கு நிறுத்திய இரண்டு மூன்று நாளில் கை நடுக்கமும், இல்லாததைப் பார்ப்பதும், வலிப்பும் வரலாம். உயிருக்கே ஆபத்தாக முடிவதுண்டு. அதை ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

நம் வீட்டுக்காரருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, தப்பித்தார். இதே நோய் இருபத்தைந்து வயதுப் பையனுக்கு வந்திருந்தால் "ஒரு கால்கட்டு போட்டா சரியாப் போயிடும்" என்று சொந்தக்காரர் ஒருவர் நிச்சயம் சொல்லியிருப்பார். கல்யாணம் எந்த மனநோயையும் குணப்படுத்தியதில்லை. மறைத்துச் செய்து வைத்தால் இரண்டு குடும்பம் கெடும். சொல்லவே வேண்டாம் என்று தரகர் சொன்னால் தரகரை மாற்றுங்கள்.

சின்ன வேலை, பெரிய வேலை

படுத்திருப்பவரை "எழுந்து தோப்பைப் பாருங்க" என்று சொல்வது வீண். விழுந்த தோப்பை முழுசாக நினைத்துத்தான் அவர் படுத்தார். வேலையைப் பிரித்துக் கொடுங்கள். காலையில் பல் துலக்கி வாசல் திண்ணைக்கு வருவது முதல் வாரத்துக்குப் போதும். அடுத்த வாரம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது. பிறகு மைத்துனரோடு டீக்கடை வரை நடை. மனம் சரியானால் வேலை செய்வேன் என்று காத்திருந்தால் நாள் போகும். வேலை முன்னால் போகும், மனம் அதன் பின்னால் வரும். கோவாவில் சங்கத் அமைப்பு இதே கருத்தை வைத்து, மருத்துவப் பட்டம் இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் கடும் மனச்சோர்வு உள்ளவர்களுக்கு ஆறேழு அமர்வுகளில் ஆலோசனை நடத்தியது. வழக்கமான சிகிச்சையோடு அதையும் பெற்றவர்கள் கூடுதலாகத் தேறினார்கள். டீக்கடை வரை நடப்பதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

பெரிய வேலை ஒன்று இருக்கிறது. அது கடன் நோட்டு. இது மருத்துவப் புத்தகங்களில் இருக்காது, ஆனால் டெல்டா வீடுகளில் பாதி வியாதி அங்கேதான். கூட்டுறவு வங்கிப் பயிர்க்கடன், நகைக்கடன், மகளிர் குழுக் கடன், வாரத் தவணை மைக்ரோ பைனான்ஸ், தெரிந்தவரிடம் மூன்று வட்டிக்கு வாங்கியது என்று ஐந்தாறு இடங்களில் இருக்கும். மூன்று மணிக்கு விழிக்கிறவர் மனதில் எல்லாம் சேர்ந்து ஒரே பெரும் தொகையாகப் புரளும். அவர் கொஞ்சம் தேறிய பிறகு ஒரு நாற்பது பக்க நோட்டில், யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டி, எப்போது கட்ட வேண்டும் என்று தனித்தனிப் பக்கமாக எழுதுங்கள். எழுதுவது திருப்பூர் மகனாக இருக்கட்டும். அதிக வட்டிக் கடன் முதல் பக்கம். மீட்க முடியாத நகையை ஏலத்துக்கு விடுவதா வட்டி கட்டிப் புதுப்பிப்பதா என்று குடும்பமே உட்கார்ந்து முடிவெடுங்கள். எழுதிப் பார்த்தால் தொகை குறைந்துவிடாது. எதை முதலில், எதைப் பிறகு என்பது தெரியும். அதுவரை வாசலுக்கு வரும் கடன்காரர்களுக்கு மைத்துனர் மட்டுமே பதில் சொல்லட்டும். அவர் பெயரையும் போன் நம்பரையும் கொடுத்துவிடுங்கள்.

அந்த மனைவி

இந்த ஏற்பாட்டில் எல்லாரும் மறப்பது அவரைத்தான். நாலரை மணிக்கு எழுந்து, சமைத்து, நூறு நாள் வேலைக்குப் போய் வந்து, கணவரைச் சாப்பிட வைத்து, இரவில் அவர் எழுந்து போகிறாரா என்று அரைத் தூக்கத்தில் கிடப்பார். "பாவம், தெய்வம் மாதிரி பாத்துக்குது" என்று ஊர் பாராட்டும். பாராட்டுக்குப் பதில் யாராவது ஒரு ராத்திரி அங்கே வந்து படுத்தால் அவர் தூங்குவார். வாரத்தில் இரண்டு இரவு மைத்துனரோ கணவரின் தம்பியோ வந்து படுப்பது என்று கிழமை போட்டுப் பேசிக்கொள்ளுங்கள். மாதத்தில் ஒரு நாள் அவர் தன் அம்மா வீட்டுக்குப் போய் வரட்டும். போகும்போது குற்ற உணர்வில் பத்து தடவை போன் செய்வார், எடுக்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். எடுத்து "சாப்பிட்டாரு, தூங்குறாரு" என்று சொல்லி வையுங்கள்.

மகளுக்கு நடப்பதைச் சொல்லிவிட வேண்டும். பிள்ளைகளிடம் மறைத்தால் தாங்கள்தான் காரணம் என்று நினைத்துக்கொள்வார்கள். "அப்பாவுக்கு மனசுல வியாதி, மருந்து சாப்பிடுறாரு, நாளாகும். உன்னால வந்ததில்லை. நீ சரி பண்ண வேண்டியதும் இல்லை." இவ்வளவு போதும். மார்க் குறைந்தாலும் துணைத்தேர்வு இருக்கிறது என்பதையும் ரிசல்ட் வருவதற்கு முன்பே ஒருமுறை சொல்லி வையுங்கள்.

தெரு

தெருவுக்கு வேலை அதிகமில்லை, ஆனால் அதைச் செய்யாவிட்டால் வீட்டின் வேலை இரட்டிப்பாகும். நம் வீட்டுக்காரரைப் பற்றி டீக்கடையில் "லூசு", "கிறுக்கு" என்று பேச்சு வந்தால் அந்த இடத்திலேயே ஒருவர் "சர்க்கரை மாதிரி இதுவும் ஒரு வியாதிப்பா, ஆஸ்பத்திரி போய்ட்டிருக்காரு" என்று சொன்னால் போதும், பேச்சு திரும்பிவிடும். அதைச் சொல்ல வேண்டியவர் ஊரில் மரியாதை உள்ள ஆளாக இருக்க வேண்டும்: பள்ளிக்கூட வாத்தியார், நாட்டாண்மை, குழுத் தலைவி. கல்யாணம், காதுகுத்து, கிடா வெட்டுக்கு அவர் வீட்டுக்கு வழக்கம்போல் பத்திரிகை வையுங்கள். வருவாரோ மாட்டாரோ என்று விட்டுவிடுவது மற்றவர்களுக்குக் கரிசனமாகத் தெரியலாம், அந்த வீட்டுக்கு அது ஒதுக்கல்.

மகளிர் குழுக் கூட்டத்தில் தவணை கட்ட முடியாமல் அந்த மனைவி தலை குனிந்து நிற்கும் நாள் வரும். வசூலுக்கு வந்தவர் சத்தம் போட்டால் குழுவில் நாலு பேர் எழுந்து, "அவங்க வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில பாத்துக்கிட்டிருக்காரு, ஒரு மாசம் தள்ளிக் கொடுங்க" என்று கேட்கலாம். ஒன்றும் பெரிய புரட்சி இல்லை. அவர் தனியாகக் கேட்டால் கிடைக்காதது குழுவாகக் கேட்டால் கிடைக்கும்.

புயல் வந்த ஊரில் அடுத்த ஐப்பசி கார்த்திகையும் கவனம் வேண்டிய காலம். மழை இருட்டிக்கொண்டு காற்று வீசினால் சிலர் நடுங்குவார்கள், தூக்கம் மறுபடி கெடும். அந்த மாதங்களில் ஒரு முறை கூடுதலாக மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். இரவில் போய் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இந்தப் பக்கத்தை மூடுவதற்கு முன் இரண்டு வேலை செய்யுங்கள். உங்கள் தாலுகா மருத்துவமனைக்கு மனநல மருத்துவர் வரும் கிழமை எது என்று கேட்டு, வீட்டு நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அதற்குக் கீழே 14416 என்று, கண்ணாடி போடாத கிழவிக்கும் தெரியும் அளவுக்குப் பெரிதாக எழுதுங்கள். உங்கள் வீட்டில் யாருக்கும் தேவைப்படாமல் போனாலும், வாசலுக்கு வரும் யாராவது ஒருவர் அதைப் பார்த்துக் குறித்துக்கொண்டு போகட்டும்.